மாற்றாத மோட்டாருக்கு 5,200 ரூபாய்: பவர் விண்டோ வேலைக்குப் போகிற மதுரைக்காரர்கள் கவனத்துக்கு

கார் கண்ணாடி மெதுவாக ஏறுகிறது, பாதியில் திணறுகிறது என்று பட்டறைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பைபாஸ் ரோட்டில் ஒரு கார் எலக்ட்ரிக்கல் கடையில் என்னிடம் 5,200 ரூபாய் வாங்கிக்கொண்டு டிரைவர் பக்கத்து விண்டோ மோட்டாரை 'மாற்றிக் கொடுத்தார்கள்'. மாற்றவே இல்லை. பஞ்சாயத்து இன்னும் முடியாததால் கடைப் பெயர் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் அங்கே காட்டின வித்தையை எந்தக் கடையிலும் காட்டலாம்.

வண்டி 2014 மாடல். தினமும் மேலூர் போய் வருகிற வண்டி. ஒத்தக்கடை தாண்டினால் என்ன புழுதி என்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். கண்ணாடி இறங்குவதில் குறை இல்லை. ஏறும்போதுதான் முக்கால்வாசியில் முக்கும். சிட்டம்பட்டி டோல்கேட்டில் ஃபாஸ்டேக் படிக்காத ஒரு காலையில், இறக்கின கண்ணாடியைச் சுவிட்சையும் அழுத்திக்கொண்டு உள்ளங்கையாலும் தள்ளி ஏற்ற வேண்டியதாகிவிட்டது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனிலேயே திட்டினார்.

கடைக்காரர் வண்டிக்குள் உட்கார்ந்து சாவியை ஒரு திருகு மட்டும் திருகினார். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவில்லை. சுவிட்சைத் தூக்கினார், கண்ணாடி நொண்டிக்கொண்டே ஏறியது.

"பாத்தீங்களாண்ணே, மோட்டார் செத்துப்போச்சு. மழைக்காலம் வேற. பாதில நின்னுச்சுன்னா உள்ள பூராம் நனைஞ்சிரும்."

"சரி பண்ண முடியாதாப்பா?"

"இப்பல்லாம் செட்டாத்தாண்ணே வருது. கம்பெனி ஐட்டம் 4,500, லேபர் 700. சாயந்தரம் வந்து எடுத்துக்கங்க."

சாயந்தரம் போனபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசி குளுகுளுவென்று இருந்தது. சுவிட்சைத் தட்டினார், சர்ரென்று ஏறியது. பழைய மோட்டார் எங்கே என்றேன். "அது காயலான்கடைக்குப் போயிருச்சுண்ணே." வெள்ளைத் தாளில் 'விண்டோ மோட்டார் 1, லேபர்' என்று எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண் கிடையாது, பார்ட் நம்பர் கிடையாது, வாரண்டி வாய்வார்த்தை.

இப்போது வித்தைக்கு வருகிறேன். இன்ஜின் ஓடாதபோது மோட்டாருக்குப் பேட்டரி மட்டும்தான் கரண்ட் கொடுக்கிறது. நன்றாகச் சார்ஜ் ஏறின பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், லோடு ஏறினால் அதுவும் இறங்கும். இன்ஜின் ஓடினால், அதோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டரும் சேர்ந்துகொண்டு 14 வோல்ட்டை ஒட்டி வந்துவிடும். வோல்ட் கூடினால் மோட்டார் வேகமும் கூடும். அதாவது 'முன்னால்' காட்டினது இன்ஜின் ஆஃபில், 'பின்னால்' காட்டினது இன்ஜின் ஆனில். ஒன்றுமே செய்யாவிட்டாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதோடு கண்ணாடி ஓடுகிற ரப்பர் தடத்தில் துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்துவிட்டால் கொஞ்ச நாளைக்கு வெண்ணெய் மாதிரி ஓடும். பிறகு அந்த எண்ணெயில் புழுதி ஒட்டிப் பிசுக்காகி, முன்பைவிட மோசமாகப் பிடிக்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்டுப்பட்டு ரப்பரும் உப்பிக்கொள்ளும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. அதற்குள் ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது. கண்ணாடியை முழுக்க ஏற்றி நிறுத்தின வண்டிக்குள் டிரைவர் காலடி மேட் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது.

வில்லாபுரம் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனைச் சொன்னார்கள். அதிகம் பேசாத மனிதர். இன்ஜினை ஓடவிட்டு முதலில் நாலு கண்ணாடியையும் ஏற்றி இறக்கினார். நாலும் மெதுவாக ஓடினால் பேட்டரி, எர்த் (பாடியோடு சேர்கிற ஒயர்) பக்கம் சந்தேகப்படணுமாம். என் வண்டியில் ஒன்றுதான் தகராறு. அடுத்து சுவிட்சை அழுத்தச் சொல்லிவிட்டு உள்விளக்கைப் பார்த்தார். கண்ணாடி திணறுகிற இடத்தில் விளக்கு லேசாக மங்கியது. "மோட்டார் கரண்ட இழுக்குது, சுவிட்சும் ஒயரும் உசுரோடதான் இருக்கு. எங்கயோ பிடிக்குதுண்ணே" என்றார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை ரப்பர் தடம் நெடுக ஊற்றிவிட்டு மறுபடி தூக்கச் சொன்னார். கண்ணாடி பிசிறில்லாமல் ஏறியது. அதாவது மோட்டாரில் குறை இல்லை, ரப்பர் தடம்தான் பிடிக்கிறது. முதலிலேயே இவரிடம் வந்து இதைப் பார்த்திருந்தால், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கிற ஒரு சொம்புத் தண்ணீரோடு விஷயம் முடிந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியைக் கழற்றினார். கிளிப்பில் மூன்று உடைந்திருந்தது. கதவுக்கும் பேடுக்கும் நடுவே ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட்டைப் பிளேடால் கிழித்து, திரும்ப ஒட்டாமல் சுருட்டி உள்ளேயே விட்டிருந்தார்கள். கண்ணாடியில் வழிகிற மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது சகஜம், கதவின் அடியில் இருக்கிற ஓட்டை வழியாக வெளியே போய்விடும். அந்த ஷீட் இல்லையென்றால் பேடு வழியாக உள்ளே வந்துவிடும். மேட் ஊறினதன் காரணம் அதுதான். 'நனைஞ்சிரும்' என்று என்னைப் பயமுறுத்தினவர்களே நனைத்தும் வைத்திருக்கிறார்கள்.

மோட்டார்? அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் தலையில் பழைய புழுதி அப்படியே அப்பிக் கிடந்தது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. லேபிளில் தேதி 2014. அவர் டார்ச் அடித்துக் காட்ட, நான் போல்ட், லேபிள், கிழிந்த ஷீட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அவர் செய்த வேலை இவ்வளவுதான்: பிசுக்கைத் துடைத்தார், உப்பின ரப்பர் தடத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார், சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தார், ஷீட்டை ஒட்டினார், அடைத்திருந்த அடி ஓட்டையைக் குத்திவிட்டார். ரப்பரோடு சேர்த்து 1,450 ரூபாய். பழைய ரப்பரைக் கேட்காமலேயே கையில் கொடுத்தார்.

மோட்டாரே போகாது என்று சொல்லவரவில்லை. உர்ரென்று சத்தம் வந்து கண்ணாடி அசையாவிட்டால், அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினால், கண்ணாடியைத் தூக்கி இறக்குகிற ரெகுலேட்டரில் கேபிளோ பிளாஸ்டிக் துண்டோ போயிருக்கும். டிரைவர் பக்கத்து சுவிட்சில் மட்டும் முரண்டு பிடித்து, அந்தந்தக் கதவின் சுவிட்சில் ஒழுங்காக ஓடினால் சுவிட்சைப் பார்க்கணும். மோட்டார்தான் என்று முடிவானால் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், பழையதை வாங்கிக்கொள்ளுங்கள், பில்லில் பார்ட் நம்பர் எழுதச் சொல்லுங்கள். 'காயலான்கடைக்குப் போயிருச்சு' என்றால் காசை எடுக்காதீர்கள்.

போட்டோவோடு பைபாஸ் ரோட்டுக் கடைக்குப் போனேன். "பய மாத்திட்டேன்னுதாண்ணே சொன்னான், நான் பாக்கல" என்றார் முதலாளி. அந்தப் 'பய' லீவாம். ஜிபே-யில் 2,000 அனுப்பினார், மீதிக்குப் போன் எடுப்பதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதிலும் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. வில்லாபுரத்துக்காரர் தான் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்.