அம்பத்தூரில் நான்கு போர்ஷன் வீடு: 2018 முதல் வாடகைக்கு விட்ட அனுபவம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவொன்றில், ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் கீழே இரண்டு, மாடியில் இரண்டு என நான்கு போர்ஷன்கள் கொண்ட பழைய வீட்டை 2018இல் வாடகை வருமானத்துக்காகவே வாங்கினேன். அதே பணத்துக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு ஃபிளாட் வாங்கலாம் என்று பலரும் சொன்னார்கள். இத்தனை ஆண்டுகள் வைத்திருந்த பிறகு என் மதிப்பீடு இதுதான்: வருமானத்தை மட்டும் பார்த்தால் இது சுமாரான முதலீடு, ஆனால் அந்தச் சுமாரான வருமானம் தடையின்றி வருகிறது. அது அப்படி வருவதை வாடகைத் தொகையைவிட மின் இணைப்பும் தண்ணீரும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் கணக்கு. விலை 1 கோடியே 40 லட்சம் ரூபாய். அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 4 சதவீதமும் இருந்தன. ஆகவே பத்திரச் செலவுடன் ஏறத்தாழ 1 கோடியே 55 லட்சம் ஆனது. நான்கு போர்ஷன்களும் சேர்ந்து மாதம் 40,000 ரூபாய் தந்தன. அதாவது செலவைக் கழிப்பதற்கு முன்பே ஆண்டுக்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேல். வங்கி வைப்புத்தொகையே அப்போது அதைவிட அதிகம் தந்துகொண்டிருந்தது. இன்று வாடகை 58,000 ரூபாய். வரி, பழுது, காலியாகக் கிடக்கும் மாதங்கள் ஆகியவற்றைக் கழித்தால் ஆண்டுக்கு ஐந்தேகால் லட்சம் அளவில் கையில் நிற்கிறது. பெரும்பகுதியைக் கடனாக வாங்கிவிட்டு, வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று நம்புவோருக்கு இந்த எண்களே போதுமான பதில். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் விகிதமான ரெப்போ வட்டி, 2020இல் 4 சதவீதமாக இருந்து 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்கு ஏறியபோது, அதனுடன் இணைந்த வீட்டுக்கடன் தவணைகள் எப்படி நீண்டன என்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

நான்கு குடித்தனங்கள் இருப்பதன் உண்மையான நன்மை, ஒன்று காலியானாலும் மீதி முக்கால் பங்கு வாடகை வந்துகொண்டே இருக்கும் என்பதுதான். சென்னையில் வீடு காலியாவது எந்த மாதத்தில் என்பது மிக முக்கியம். மே, ஜூனில் பள்ளி திறப்பை ஒட்டிக் காலியானால் டூ-லெட் போர்டு மாட்டிய வாரத்திலேயே ஆள் வந்துவிடும். ஆனி கடைசியில் காலி செய்தால் ஆடி முழுவதும் யாரும் பால் காய்ச்ச வரமாட்டார்கள். வீடு பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுத்தவர்கள்கூட ஆவணி பிறந்துதான் குடி வருவார்கள். மார்கழியிலும் இதே கதைதான். ஆகவே ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் முடியாதபடியும், எதுவும் ஆடியிலோ மார்கழியிலோ முடியாதபடியும் தேதிகளை மாற்றி அமைத்துக்கொண்டேன். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் வேறு எந்தச் சீர்திருத்தமும் இந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

அடுத்தது மின்சாரம். இத்தகைய வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் ஹாலையும் சமையலறையையும் பார்ப்பதற்கு முன்பு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மீட்டர் பலகையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு போர்ஷனுக்கும் மின்வாரியத்தின் தனி இணைப்பு இருந்தால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே கிடைக்கும். ஒரே இணைப்பில் நான்கு சப்-மீட்டர் வைத்திருந்தால் நால்வரின் பயன்பாடும் ஒன்றாகக் கூடி மேல் அடுக்குக் கட்டணத்துக்குப் போய்விடும். அந்தப் பாரத்தை யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று உரிமையாளர் வசூலிக்கும்போதுதான் பெரும்பாலான மனக்கசப்புகள் தொடங்குகின்றன. என் வீட்டில் நான்கு தனி இணைப்புகளும், மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் ஐந்தாவதாக ஒரு பொது இணைப்பும் உண்டு. பொதுப் பயன்பாட்டுக்கென்று 2022இல் வந்த தனிக் கட்டணம் யூனிட் 8 ரூபாயில் தொடங்கி 8.15 ஆனது, பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு அதை 5.50 ஆகக் குறைக்கும் அறிவிப்பு 2023 அக்டோபரில் வந்தது. எங்களைப் போன்ற சிறு கட்டடக்காரர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 2019 கோடையில் ஆழ்துளைக் கிணறு வறண்டு, லாரித் தண்ணீரை வாங்கி சம்ப்பில் (தரைக்கு அடியில் உள்ள தொட்டியில்) இறக்கியபோது, மேல்நிலைத் தொட்டி ஒன்றே ஒன்றாக இருந்ததுதான் பிரச்சினையானது. கீழ் வீட்டில் இருவர், மாடியில் ஆறு பேர். செலவை மட்டும் சமமாகப் பிரிப்பது எப்படி என்ற கேள்விக்கு நியாயமான விடையே இல்லை. அதன் பிறகு போர்ஷனுக்கு ஒன்றாக நான்கு 500 லிட்டர் தொட்டிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு போட்டோம். வாய்ச்சண்டை அன்றோடு நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நேர்மாறான தொல்லை: தெருவில் தேங்கிய சாக்கடை கலந்த நீர் சம்ப்புக்குள் இறங்கி, மோட்டாரும் பழுதானது. இப்போது சம்ப்பின் வாய் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது; பார்க்க அழகாக இல்லை.

சட்டப் பக்கம் பலரும் கவனிக்காமல் விடுவது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதோடு வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்யப்பட வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தம் என்பதால் இதிலிருந்து விலக்கு இல்லை. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகைதான் சட்டம் சொல்லும் அளவு. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிய நம் ஊரில் இது குறைவாகத் தோன்றலாம். எனக்கு இதுவே வசதியாக இருக்கிறது, ஏனென்றால் காலி செய்பவருக்குச் சாவி வாங்கும் அன்றே திருப்பிக் கொடுத்துவிட முடிகிறது.

வரிகளில் சொத்துவரிதான் திடீரென்று உறைத்தது. 2011இல் மாநகராட்சியுடன் இணைந்த பகுதிகளில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 2022இல் 100 சதவீத உயர்வு வந்தது. நான்கு போர்ஷன்களும் ஒரே மதிப்பீட்டில் இருப்பதால் எனக்கு அப்படியே இரட்டிப்பானது. வருமான வரியில், கட்டிய சொத்துவரியைக் கழித்த பிறகு 30 சதவீதம் நிலையான கழிவாகக் கிடைக்கிறது; பில் எதையும் காட்டவேண்டியதில்லை.

விற்பதா, வைத்திருப்பதா என்ற கேள்விக்கு மனையின் மதிப்பே விடை. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 ஆக உயர்ந்ததால், இப்போது 2,600 சதுர அடி இருக்கும் இடத்தில் 4,800 சதுர அடி வரை கட்ட வழியுண்டு. அதனால்தான், நிலம் என்னுடையது, கட்டும் செலவு அவர்களுடையது, கட்டியதில் ஆளுக்குப் பாதி என்ற கூட்டுக் கட்டுமானத்துக்குக் கட்டுநர்கள் வந்து கேட்கிறார்கள். கட்டி முடிக்கும் வரை வாடகை நிற்கும். முடிந்த பிறகு நிலம் முழுவதும் என்னுடையதாக இருக்காது; மற்றவர்களோடு சேர்ந்த பிரிக்கப்படாத பங்கு மட்டுமே எனக்கு மிஞ்சும். மாடித் தளம் இன்னும் ஒழுகவில்லை என்பதால், இப்போதைக்கு மறுத்து வருகிறேன்.