வாலில்லாக் கிம்ரிக் பூனைக்கு ஸ்டீல் சீப்பு: வாங்கலாம், ஆனால் பின்புறத்தில் கவனம்

கொழும்பில் செல்லப்பிராணிச் சாமான் விற்கிற கடைகளில் பிராண்ட் பெயர் ஏதுமில்லாமல் தொங்குகிற ஸ்டீல் சீப்பு இது. நீளம் ஏறக்குறைய 19 சென்ரிமீற்றர். பாதிக்குப் பல் அகலம், மீதிக்கு நெருக்கம். கிம்ரிக் வளர்க்கிற வீட்டுக்கு முதலில் வேண்டியது இதுதான். பக்கத்திலேயே விற்கிற, பிளேட் வைத்த முடி வாரி வேண்டவே வேண்டாம்.

கிம்ரிக் என்பது மேன் தீவுப் பூனையான மாங்ஸின் நீள்முடி வடிவம். 1960களில் கனடாவில் இதைத் தனியாக வளர்த்தெடுத்தார்கள். முடி இரண்டு அடுக்கு. பிளேட் மேல் முடியை அறுத்துவிடும். கம்பி பிரஷ் மேலாக வழுக்கிப் போக, அடிமுடி தோலோடு ஒட்டித் திரளும். நம்முடைய புழுக்கத்தில் அந்தத் திரளுக்குள் ஈரம் நின்றால் தோல் புண்ணாகும். சீப்புத்தான் தோல்வரை போகிறது.

வாங்கும்போது பல் நுனியை மணிக்கட்டின் உட்பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். கீறினால் எடுக்காதீர்கள். வெள்ளவத்தை போலக் கடற்காற்று அடிக்கிற இடத்தில் மலிவான சீப்பு பல்லின் அடியில்தான் முதலில் துருப்பிடிக்கும். கழுவினால் உடனே துடைத்து வையுங்கள்.

கிழமைக்கு இரண்டு மூன்று தடவை வாரினால் போதும். முடியைக் கையால் மேலே ஒதுக்கி, கீழிருந்து ஒவ்வொரு வரிசையாக இறக்கி வாருங்கள். முதலில் அகலப் பல், பிறகு நெருக்கப் பல். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கு, வயிறு, தொடை: சிக்கு விழுவது இங்கேதான். சிக்குக்குச் சிட்டிகை சோளமா தூவி, முடியின் அடியை விரலால் இறுக்கிப் பிடித்து, நுனியிலிருந்து பிரியுங்கள். கத்தரிக்கோல் கூடாது, பூனையின் மெல்லிய தோல் சிக்கோடு சேர்ந்து எழும்பி வெட்டுப்படும். குளிப்பாட்டுவதற்கு முன்பே வாரிவிடுங்கள், நனைந்த சிக்கு கம்பளிபோல இறுகிவிடும்.

இந்தச் சீப்பு தோற்கிற இடம் பின்புறம். வாலை இல்லாமலாக்குகிற அதே மரபணு முதுகெலும்பின் கடைசிப் பகுதியையும் அங்குள்ள நரம்புகளையும் பாதிக்கக்கூடும். வால் இருக்கவேண்டிய இடத்தை அழுத்தினால் சில பூனைகளுக்கு வலிக்கும். அங்கே சீப்பை விட்டுவிட்டு விரலால் கோதுங்கள். தூக்கும்போதும் அடியில் உள்ளங்கையை விரித்துத் தாங்குங்கள்.

தொடைமுடியைத் தினமும் பாருங்கள். மலம் ஒட்டியிருந்தால் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக ஈரம் ஒற்றிவிடுங்கள். எப்போதாவது ஒட்டுவது நீள்முடிப் பூனைக்கு வழமைதான். திரும்பத் திரும்ப ஒட்டினாலோ, மலச்சிக்கல் இருந்தாலோ, சிறுநீர் தானாகச் சொட்டினாலோ, முயல்போலப் பின்னங்கால் இரண்டையும் சேர்த்தே தாவினாலோ மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். கிம்ரிக் குட்டிகளில் இந்த முதுகெலும்புக் கோளாறு பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் தெரிந்துவிடும்.