மாருதி ஃப்ரான்க்ஸ் கார்: 1.0 லிட்டர் டர்போ பெட்ரோலா, 1.2 லிட்டர் சாதா பெட்ரோலா?

இழுவை: டர்போ என்பது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி. 'பூஸ்டர்ஜெட்' எனப்படும் 1.0 டர்போ இன்ஜினில் மூன்று சிலிண்டர், 100 பி.எஸ்., 2,000 ஆர்.பி.எம்-லேயே 147.6 என்.எம். டார்க் (இழுவிசை). 1.2-ல் நான்கு சிலிண்டர், 90 பி.எஸ்., 113 என்.எம்.; அதுவும் 4,400-ல்தான். ஏற்காடு மலையில் ஆள் நிறைய ஏறினால் வித்தியாசம் தெரியும்.

பராமரிப்பு: இங்கேதான் விஷயமே இருக்கிறது. டர்போவின் சுழலும் தண்டுக்கு உயவு இன்ஜின் ஆயில்தான். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் முதலில் அடிவாங்குவது அதன் பேரிங். கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலே ஊற்றுங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மலையேறி வந்ததும் அரை நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது நல்லது. பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வில் கரி படியவும் இடமுண்டு.

1.2-ல் டர்போ கிடையாது. பெட்ரோல் வால்வுக்கு முன்பே பீய்ச்சப்படுவதால் வால்வை அதுவே கழுவிவிடும். கொஞ்சம் அலட்சியத்தைத் தாங்கும்.

டைமிங் செயின் (வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி): இரண்டிலும் உண்டு. பெல்ட் மாற்றும் செலவு இல்லை.

நெடுஞ்சாலை, மலைப்பாதை, தேதி தவறாத சர்வீஸ் என்றால் டர்போ. ஊருக்குள் ஓட்டம், பத்து வருடம் வைத்திருக்கும் எண்ணம், சி.என்.ஜி. ஆசை என்றால் 1.2. பழைய வண்டி வாங்குவோர் சர்வீஸ் ரசீது இல்லாத டர்போவைத் தொடவே வேண்டாம்.