செக்பொக்ஸும் அரேயும்: வியூவோடு மூன்று வருடம்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு ரியூட்டரிக்கு (தனியார் வகுப்பு நிலையம்) வியூவில், அதாவது இணையப் பக்கம் செய்ய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில், மாணவர் பதிவுப் படிவம் செய்து கொடுத்து மூன்று வருடமாகிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் பிள்ளைக்கு ஒன்பது பாடங்கள்: ஆறு கட்டாயம், மூன்று தொகுதிகளிலிருந்து தெரிவு செய்பவை. இங்கே எந்தெந்த வகுப்புக்கு வருகிறார் என்பதற்குச் சரி போட வேண்டும்.

முதலில் பலதைத் தெரிவு செய்யக்கூடிய செலக்ட் பெட்டிதான் வைத்தேன். கணினியில் கன்ட்ரோல் விசையை அழுத்தாமல் அடுத்ததைத் தட்டினால் முன்பு தெரிவு செய்தது போய்விடும். பெற்றோருக்கு அது விளங்கவே இல்லை. சரி போடும் பெட்டியான செக்பொக்ஸுக்கு மாறினேன். வியூ 3 இல் ஒன்பது பெட்டிகளுக்கும் ஒரே வி-மொடல் (பெட்டியையும் தரவையும் இணைக்கும் கட்டளை), அதன் பின்னால் ஒரு அரே, அதாவது மதிப்புகளின் பட்டியல். சரி போட்டால் பாட எண் உள்ளே போகும், எடுத்தால் வெளியே வரும். இதற்கென்று ஒரு வரிகூடத் தனியாக எழுதவில்லை. இந்த வசதியை மனதார மெச்சுகிறேன்.

ஆனால் தொடக்க மதிப்பு அரேயாகவே இருக்க வேண்டும். நான் ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தேன். "தம்பி, ஒண்டைத் தட்ட எல்லாத்துக்கும் சரி விழுது" என்று அலுவலக அக்கா கூப்பிட்டார். அரே இல்லையென்றால் வியூ அதை ஆம், இல்லை என்ற ஒற்றை மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. எல்லாப் பெட்டியும் அந்த ஒன்றையே பார்க்கும். வெற்று அரே கொடுத்ததும் தீர்ந்தது.

அப்புறம், தரவுத்தளத்திலிருந்து பாட எண்கள் எண்ணாக இல்லாமல் எழுத்துச் சரமாக வந்தன. வியூ எண்ணையும் எழுத்துச் சரத்தையும் ஒன்றாகவே மதித்துப் பெட்டியில் சரி காட்டியது. கட்டணத்தைக் கூட்டும் என் கோட் எண்ணைத் தேடியதால் பூச்சியம் வந்தது. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்ததால் கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. எல்லா வகுப்பையும் நிறுத்திவிட்ட ஒரு பிள்ளையின் வீட்டுக்குக் கட்டணக் குறுஞ்செய்தி போய்க்கொண்டே இருந்தது. "பிள்ளையை நிப்பாட்டிப் போட்டம் எண்டு சொன்னனாங்கள்தானே" என்று தாயார் நேரில் வந்து கேட்டார். அக்கா சரிகளை ஒழுங்காகத்தான் எடுத்திருந்தார். படிவத்தைச் சாதாரணமாக அனுப்பும்போது, சரி போடாத செக்பொக்ஸைப் பிரவுசர் அனுப்புவதே இல்லை. ஒன்றுமே தெரிவு செய்யாவிட்டால் அந்தப் புலமே சேவையகத்தில் ஓடும் பிஎச்பிக்குப் போய்ச் சேராது. வந்த புலங்களை மட்டும் மாற்று என்று நான் எழுதியிருந்ததால் பழைய பாடங்கள் அப்படியே கிடந்தன. ஒரு பாடமும் வேண்டாம் என்பதும் ஒரு பதில்தான். அதை என் கோட் கேட்கவில்லை.

ஒரு சரியும் இல்லாவிட்டாலும் புலம் போய்ச் சேரட்டும் என்று, சதுர அடைப்புக்குறியோடு (பிஎச்பி அதைப் பட்டியலாக எடுக்கும்) அதே பெயரில், திரையில் தெரியாத ஒரு மறைவுப் புலத்தை வெறுமையாக வைத்து, சேவையகத்தில் வெறுமையை வடிகட்டினேன். பிறகு ஜேசன் என்ற தரவு வடிவத்தில் அனுப்பத் தொடங்கினேன். அதில் வெற்று அரே வெற்று அரேயாகவே போய்ச் சேருகிறது. இப்போது எந்தப் படிவம் செய்தாலும், எல்லாச் சரியையும் எடுத்துச் சேமித்து, மறுபடி திறந்து பார்த்த பிறகுதான் அக்காவிடம் கொடுக்கிறேன்.