பறக்காத பி.1101: கட்டிப் பார்த்த அனுபவம்

இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடத்தில் வரைபலகையிலும் பட்டறையிலும் நின்றுபோன ஜெர்மன் ஜெட் விமானங்களைத்தான் பல வருடங்களாக 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்காக, பிளாஸ்டிக் மாதிரிகளாகக் கட்டி வருகிறேன். பறக்காத விமானம்தானே, எப்படிக் கட்டினாலும் யார் தப்பு சொல்லப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. என் அனுபவம் நேர்மாறு. பறந்த விமானத்துக்குப் படங்கள் ஏராளமாகக் கிடைக்கும், பார்த்துச் செய்துவிடலாம். இங்கே எது நிஜமாக இருந்தது, எது மாதிரி வரும் பெட்டியின் மேல் படம் வரைந்த ஓவியரின் கற்பனை என்று ஒவ்வொரு பாகத்திலும் நாமே பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்த வகையில் மெஸ்ஸர்ஷ்மிட் பி.1101 எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது வெறும் காகிதம் அல்ல. 1945 ஏப்ரல் கடைசியில் அமெரிக்கப் படைகள் பவேரியாவின் ஓபராம்மர்காவுக்கு வந்தபோது, ஏறக்குறைய 80 சதவீதம் முடிந்த ஒரே ஒரு விமானம் அங்கே இருந்தது. இறக்கையின் பின்சாய்வைத் தரையில் வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் விசேஷம். பிறகு அது அமெரிக்கா போய், பஃபலோவில் பெல் நிறுவனத்தாரின் கைக்கு வந்தது. 1951-ல் பறந்த பெல் எக்ஸ்-5 அதன் வழி வந்ததுதான். எக்ஸ்-5 பறந்துகொண்டே இறக்கையை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை சாய்க்கும். அசல் பி.1101-ஐக் கடைசியில் உடைத்துப் போட்டுவிட்டார்கள்.

இனி கட்டும் வேலை. இப்படிப்பட்ட விமானங்களின் கிட்டுகள் (பெட்டியில் வரும் பாகத் தொகுப்புகள்) பெரும்பாலும் சிறிய நிறுவனங்கள் குறைந்த எண்ணிக்கையில் போட்டவை. இறக்கையை உடலோடு பொருத்த முளையும் இருக்காது, குழியும் இருக்காது. கை டிரில்லால் துளை போட்டு 0.8 மி.மீ. பித்தளைக் கம்பியைச் செருகிவிடுங்கள். சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றாக வருவதற்கு, மேலிருந்து பார்க்கும் வரைபடத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி வெட்டிக்கொண்டு, பசை காயும்வரை இறக்கையை அதன்மேல் வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மேலிருந்து பார்க்கும்போது கண்ணை உறுத்தும்.

பெரிய சவால், மாதிரி பின்பக்கமாகச் சாய்ந்து வாலில் உட்காராமல் இருக்க மூக்கில் வைக்கும் எடைதான். காற்று உள்ளே போகும் வாய் மூக்கின் நுனியிலேயே இருப்பதால் ஈயம் வைக்க இடமே கிடையாது. காற்றுக்குழாய்க்கும் உடற்சுவருக்கும் நடுவில் மெல்லிய பிறை வடிவத்தில் ஓர் இடைவெளி வரும். தூண்டில் ஈயத்தைத் தட்டித் தகடாக்கி அங்கே திணிப்பேன், மிச்சத்தை விமானி அறையின் தரைக்கு அடியில் வைப்பேன். அத்தனை எடையையும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஒல்லியான பிளாஸ்டிக் முன்கால்தான் சுமக்கிறது. இரண்டு மூன்று கோடை தாண்டினால் அது மெல்ல வளையத் தொடங்கும். அதனால் முன்காலை மட்டும் தொடக்கத்திலேயே பித்தளையில் செய்துவிடுவது நல்லது.

பெயிண்ட் விஷயத்தில் எனக்குத் திடமான கருத்து உண்டு. பெட்டிக்குள் வரும் டெகால்கள், அதாவது மாதிரியின்மேல் ஒட்டும் குறிகள், நடக்காத போரின் படைப்பிரிவு எண்களையும் வெற்றிக் குறிகளையும் தருகின்றன. அவற்றை நான் ஒட்டுவதில்லை. கடைசிக்கால ஜெர்மன் விமானத் தொழிலில் வதைமுகாம் கைதிகளைக் கசக்கிப் பிழிந்து வேலை வாங்கினார்கள். அந்த ஆட்சிக்கு இல்லாத வெற்றியை என் அலமாரியில் நான் தரமாட்டேன். போர் முடிந்தபோது இருந்ததுபோல, பாதி வேலையில் நிற்கும் வெற்று உலோகமாகவே அடிக்கிறேன். பார்ப்பவர்கள் இதன் கதையைக் கேட்பதும் இப்படி இருந்தால்தான். லாக்கர் பெயிண்டை மட்டும் மழைக்காலத்தில் தொடாதீர்கள், ஈரப்பதத்தில் வெள்ளை பூத்துவிடும்.

இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு லிப்பிஷ் பி.13ஏ-வைச் சொல்வேன். முக்கோணமான, சின்ன விமானம், பாகங்களும் குறைவு. நிலக்கரியை எரித்துப் பறக்க வைக்க நினைத்தார்கள்! அதற்காகக் கட்டிய டிஎம்-1 கிளைடரும் பறக்கவில்லை, ஆனால் அமெரிக்காவின் லாங்லி காற்றுச் சுரங்கத்தில் 1946-ல் சோதிக்கப்பட்டது. மினிஆர்ட் நிறுவனத்தின் 1/35 ட்ரீப்ஃப்ளூகல் கிட்டும் பார்க்கப் பிரமாதம், ஆனால் வாலில் நிற்கிற அந்த விமானத்தின் மூன்று இறக்கைகளும் விரிந்தால் ஒரு அடிக்கு மேல் அகலம் வரும். அலமாரியை அளந்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது மேசையில் இருப்பது எக்ஸ்-5. பி.1101-க்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன் என்பதால் அதன் இறக்கையை 20 டிகிரியில் ஒட்டாமல் நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து 60-லேயே ஒட்டிவிடலாம் என்றிருக்கிறேன்.