காப்புரிமைத் துறைக்கு மாறும் ஆய்வாளர்களே, இந்தச் சான்றிதழை நம்பாதீர்கள்

எட்டு ஆண்டுகள் நொதி ஆய்விலேயே கழிந்தபின், கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமைத் (பேட்டன்ட்) துறைக்கு மாற முடிவுசெய்தேன். 'மூன்றே மாதத்தில் காப்புரிமை வழக்கறிஞர். வேலை உறுதி' என்ற விளம்பரத்தை நம்பி ஒரு பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தேன். சேமிப்பு முழுவதும் கட்டணமாகப் போனது.

அவர்கள் தந்த சான்றிதழைக் காட்டி எங்கும் காப்புரிமை முகவராக, அதாவது கண்டுபிடிப்பாளர்களுக்காக விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்பவராக, பதிவுபெற முடியாது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் காப்புரிமை அலுவலகமே நடத்தும் தேர்வில் தேற வேண்டும். அதை எழுத அறிவியல் பட்டம் போதும், சட்டப் பட்டம் தேவையில்லை. ஐரோப்பாவில் தேர்வோடு, தகுதிபெற்ற முகவர் ஒருவரின்கீழ் சில ஆண்டுகள் வேலை பழகியிருக்கவும் வேண்டும். வழக்கறிஞர் ஆவது இதிலிருந்து வேறு. அதற்குச் சட்டம் படித்தாக வேண்டும். விளம்பரத்தின் முதல் வரியே பொய்.

சான்றிதழைவிட அவர்கள் கற்பித்த விதம்தான் இன்னும் என் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. ஒரு நொதிக் கலவைக்கு உரிமைக்கோரல், அதாவது எதற்குக் காப்பு வேண்டும் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் வாசகம், எழுதச் சொன்னார்கள். 'நொதி, தாங்கல் கரைசல், நிலைப்படுத்தி ஆகியவற்றை மட்டுமே கொண்ட கலவை' என்று எழுதினேன். இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தி, 'மிக நன்று' என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். சில மாதங்கள் கழித்து, ஒரு நேர்முகத் தேர்வில் மூத்த முகவர் ஒருவர் 'மட்டுமே' என்ற சொல்லின்மேல் பென்சிலை வைத்தார். "இதில் கொஞ்சம் உப்பையும் சேர்த்து இன்னொருவர் விற்றால் எப்படித் தடுப்பீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு சொல் காப்பின் எல்லையை எவ்வளவு சுருக்கிவிடும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதைக்கூட அவர்கள் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. வெளியிடாத ஆய்வு முடிவுகளைப் பயிற்சிக்காகக் கொண்டுவரச் சொன்னார்கள். உடன் படித்த ஒருவர் கொடுத்தார். அடுத்த குழுவின் வகுப்பில் அது திரையில் ஓடியது. ரகசியக்காப்பு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. விண்ணப்பிப்பதற்கு முன் கண்டுபிடிப்பு பொதுவெளிக்கு வந்துவிட்டால் ஐரோப்பாவில் காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும். அமெரிக்காவில் அதன்பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. அவருடைய ஆய்வகம் இன்னும் சட்ட ஆலோசனையில் இருக்கிறது. தயவுசெய்து உங்கள் முடிவுகளை யாருக்கும் இப்படிக் கொடுத்துவிடாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'பயிற்சி முடிந்துவிட்டது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

எங்கு சேர்வதானாலும் முதலில் ஆசிரியரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். முகவர்களின் பதிவேட்டைக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். நான் காலம் கடந்துதான் பார்த்தேன். எங்களுக்கு வகுப்பெடுத்த மூவரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை.