மார்கழியில் சென்னை சபாவா, சித்திரையில் ஊர்ப் பாரதமா?

பெங்களூரில் இருக்கும் என் தங்கச்சிக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் சேர்ந்தாற்போல ஒரு வாரம் விடுப்பு கிடைக்கும். ஒவ்வொரு வருஷமும் தீபாவளி முடிந்ததும் போன் பண்ணி இதே கேள்வியைக் கேட்பாள்: "அண்ணா, மார்கழிக்கு வரட்டுமா, சித்திரைக்கு வரட்டுமா?" மார்கழி என்றால் காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய்க் கச்சேரி, நாட்டியம், சபா கேன்டீன் சாப்பாடு. சித்திரை என்றால் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக் கூத்து, ஆயா (எங்கள் பாட்டி) வீட்டுக் களி, ஒருநாள் ஆம்பூர் பிரியாணி. இரண்டுக்கும் போய்வரக் காசும் நாளும் யாருக்கும் இருப்பதில்லை. நான் இரண்டையும் பல வருஷம் பார்த்தவன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சென்னை. டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரைக்கும் அங்கே நடப்பது போல ஒரு இசைக்காலம் வேறெங்கும் கிடையாது என்று துணிந்து சொல்வேன். 1927 காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி வந்தது. இன்றைக்கு ஆழ்வார்ப்பேட்டை, மயிலாப்பூர், தி.நகர் என்று சபாக்கள் நெருக்கமாக இருப்பதால் காலையில் ஓரிடம், மதியம் ஓரிடம், சாயங்காலம் ஓரிடம் என்று ஒரே நாளில் மூன்று கச்சேரி கேட்டுவிடலாம். நாட்டியம்தான் முக்கியம் என்பவர்கள் அகாடமியின் ஜனவரி நாட்டிய விழாவுக்கோ, திருவான்மியூர் கலாக்ஷேத்ரா விழாவுக்கோ நாள் பார்த்து வரலாம். பகல் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். வளர்ந்து வரும் பிள்ளைகள் பாடும் நேரம் அது. நான் கேட்டதில் மனசில் நின்ற கச்சேரிகளில் பாதிக்குமேல் மதியம் கேட்டவைதான். கூட்டம் குறைவாக இருக்கும். பாடுபவர்கள் அவசரமில்லாமல் பாடுவார்கள்.

வேலூர்க்காரனுக்கு அங்கே இருக்கும் ஒரே கஷ்டம் கடிகாரம். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், வேக ரயிலில் இரண்டு மணி நேரம். போவது சுலபம். சாயங்காலக் கச்சேரி ஒன்பது மணியைத் தாண்டும்போது, மயிலாப்பூரிலிருந்து சென்ட்ரல் போய்ச் சேர வேண்டுமே என்று வயிறு கலங்கும். ஒரு வருஷம் முக்கிய உருப்படி முடிந்து, மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிறவர்களோடு நானும் எழுந்தேன். மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை. அதிலிருந்து, ராத்திரி தங்க இடம் இருந்தால் மட்டும் சாயங்காலக் கச்சேரி, இல்லாவிட்டால் மதியத்தோடு திரும்புவது என்று வைத்திருக்கிறேன்.

இனி நம்ம ஊர். பழைய வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது, 2019இல் வேலூர் மாவட்டமும் மூன்றாகப் பிரிந்தது. ஜமா என்று நாங்கள் சொல்லும் கூத்துக் குழுக்களுக்கு அந்தக் கோடெல்லாம் கிடையாது. செய்யாறு, ஆரணி, வந்தவாசிப் பக்கத்து ஜமாக்கள் எங்கள் பக்கமும் வந்து ஆடுகின்றன. பங்குனியில் தொடங்கி ஆடிவரை காலம். எல்லா ஊரிலும் எல்லா வருஷமும் பாரதம் வைப்பதில்லை. மழை, விளைச்சல், ஊரில் ஒற்றுமை எல்லாம் கூடி வந்தால்தான் வைப்பார்கள். வைத்துவிட்டால் மதியம் பிரசங்கியார், வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். கடைசிப் பத்து நாளோ அதற்கு மேலோ ராத்திரியில் கூத்து. பகலில் காதால் கேட்ட கதை ராத்திரி கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்.

மேடை, ஜோடனை எதுவும் இருக்காது. கோயிலுக்கு எதிரே ஒரு பந்தல், ஒரு பெஞ்சு. மத்தளம், ஆர்மோனியம், தாளம், ஊதி வாசிக்கும் முகவீணை. கூத்து தொடங்கும் முன் வாத்தியங்களைச் சேர்த்து வாசித்துக் களரி கட்டும் சத்தம் கேட்டுத்தான் ஊர் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும். கட்டியக்காரன் வந்து, ஊர்ப் பிரசிடென்ட்டிலிருந்து பஸ் வராத கதைவரை எல்லாவற்றையும் பேசிச் சிரிக்க வைப்பான். அப்புறம் இரண்டு பேர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னாலிருந்து ராஜவேஷம் பாடிக்கொண்டே வரும். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. திரை விலகி அந்த வேஷம் கிறுகிறுவென்று சுற்றும்போது, முன்வரிசையில் தூங்கிவழிந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துவிடும்.

சரி, இரண்டையும் எதை வைத்து ஒப்பிடுவது? நான் ஒரே காட்சியை வைத்துத்தான் ஒப்பிடுவேன்: திரௌபதி துகில். சென்னையில் ஒரு நல்ல நாட்டியக் கலைஞர் தனியாளாக இதை ஆடிப் பார்த்திருக்கிறேன். துச்சாதனனும் அவரே, திரௌபதியும் அவரே. சேலையை இழுக்கும் கை ஒரு கணத்தில் சேலையைப் பிடித்துக்கொள்ளும் கையாக மாறும். இரண்டு கையையும் விட்டுவிட்டுத் தலைக்குமேல் கும்பிடும் இடத்தில் அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தக் கண்ணையும் விரல்நுனியையும் பார்க்க வெளிச்சமும் அமைதியும் நல்ல இருக்கையும் வேண்டும். கூத்துக் களரியில் அவ்வளவு நுணுக்கம் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் அங்கே இல்லை.

கூத்தில் துகில் அன்று நடப்பதே வேறு. திரௌபதி வேஷம் கட்டியிருப்பவர் பெரும்பாலும் ஆண். சேலையைத் தொடும் முன்னால் துச்சாதனன் வேஷக்காரர் நின்றுவிடுவார். கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டு, தான் செய்யப்போவதற்குப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார். அதன் பிறகுதான் கை வைப்பார். உட்கார்ந்திருக்கும் பெண்களில் யாராவது ஒருத்திக்கு அருள் வரும். இரண்டு வருஷம் முன்னால் என் தங்கச்சி மகள், ஒன்பது வயசு, இதைப் பார்த்துவிட்டு என் காதில் கேட்டாள்: "மாமா, அவர் நடிக்கிறாரா, நிஜமாவே பயப்படுறாரா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி சென்னையில் அவளுக்கு வந்ததில்லை. அங்கே "எப்படி மாமா இவ்வளவு நேரம் ஒத்தக் காலில் நிக்கறாங்க" என்று கேட்டாள். அதுவும் நல்ல கேள்விதான். சபாவில் கலைஞரைப் பார்த்து வியக்கிறோம். இங்கே கலைஞரை மறந்து திரௌபதிக்காகப் பதறுகிறோம்.

துரியோதனன் விழும் படுகளத்தன்று இன்னும் ஒரு படி மேலே. களிமண்ணில் படுத்த நிலையில் ஆளுயரத்தைவிடப் பெரிசாகத் துரியோதனன். காலையிலேயே பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுருவத்தைச் சுற்றி ஓடுவார்கள். தொடையில் அடி விழுந்ததும் திரௌபதி கூந்தல் முடிப்பாள். பெண்கள் துடைப்பத்தோடு வந்து நிற்பார்கள். சாயங்காலம் தீமிதி. இதை எந்த அரங்குக்குள்ளும் கொண்டுபோக முடியாது.

சாப்பாட்டுக்கு வருவோம். மார்கழியில் கேன்டீனுக்காகவே சபாவுக்குப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாழை இலை போட்டுச் சாம்பார், ரசம், கூட்டு, பாயசம் என்று பரிமாறுகிறார்கள். டிபனுக்கு வாழைப்பூ வடையும் சுடச்சுடக் காபியும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் காலையில் கேட்ட தோடி ராகத்தைப் பற்றி யாரிடமோ வாதாடிக்கொண்டிருப்பார், நாமும் காதைக் கொடுக்கலாம். ருசியில் குறை கிடையாது. விலையில்தான் நாலு பேராகப் போனால் கை கடிக்கும்.

ஊரில் கூத்துக்கும் சோற்றுக்கும் நடுவே சுவரே இல்லை. பகாசூரன் கதையன்று பீமன் வேஷக்காரர் வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி வருவார். வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் கொண்டுவந்து வண்டியில் கொட்டுவார்கள். நாம் போட்ட சோற்றைத்தான் பீமன் தின்னப்போகிறான் என்று பிள்ளைகள் வண்டி பின்னாலேயே ஓடும். ராத்திரிக் களரியைச் சுற்றி மிளகாய் பஜ்ஜி, வேகவைத்த வேர்க்கடலை, டீ. காப்புக் கட்டியிருக்கும் நாளில் ஊருக்குள் கறி, மீன் கிடையாது. ஆயா கேழ்வரகுக் களி கிளறி, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைப்பாள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. ஆயாவைப் பொறுத்தவரை அது அவளுடைய அம்மா காலத்திலிருந்தே பெரிய காய்தான்.

திருவிழா முடிந்து தங்கச்சியை பெங்களூருக்கு அனுப்பும் வழியில் ஆம்பூரில் நிறுத்துவோம். சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தொட்டுக்கொள்ளப் புளிப்பேறிய கத்தரிக்காய், தயிர் வெங்காயம். மசாலா வாசனை தூக்கலாக இல்லாமல் கறியின் ருசி முன்னால் நிற்கும் பிரியாணி. சாப்பாட்டில் மட்டும் என் ஓட்டு ஊருக்குத்தான், யோசிக்கவே வேண்டாம்.

வசதி என்று பார்த்தால் சென்னை ஜெயிக்கும். நாற்காலி, மின்விசிறி, பெண்களுக்குக் கழிப்பறை. கூத்து நடக்கும் ஊர்களில் இந்தக் கடைசி விஷயம் எனக்கு உண்மையிலேயே வருத்தம். விடிய விடியக் கூத்து பார்க்க அழைக்கிறோம், பெண்கள் எங்கே போவார்கள் என்று யோசிப்பதில்லை. ஊரில் சொந்தம் இருந்தால் சமாளிக்கலாம். ஒலிபெருக்கியும் ஒரு தொந்தரவு. மத்தளமும் பாட்டும் மோதிக் காது அடைக்கும் அளவுக்குச் சில இடங்களில் வைக்கிறார்கள். ஸ்பீக்கரைவிட்டுத் தள்ளி, பின்பாட்டுக்காரர்கள் பக்கமாக உட்கார்ந்தால் வசனம் நன்றாகப் புரியும்.

இரண்டுமே முடியாது, ஒரே ஒரு ராத்திரிதான் உண்டு, கைக்குழந்தை வேறு இருக்கிறது என்பவர்கள் சித்ரா பௌர்ணமிக்கு வேலூருக்கு வந்துவிடுங்கள். பூவால் ஜோடித்த பல்லக்குகள் கடைவீதியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். குழந்தை தூங்கினால் வீட்டுக்குப் போய்விடலாம்.

தங்கச்சிக்கு நான் சொன்னது இதுதான். பிள்ளைகள் பாட்டோ நாட்டியமோ கற்றுக்கொண்டிருந்தால் ஒரு மார்கழி கட்டாயம் சென்னை. நல்ல காது அங்கேதான் அமையும். இன்னும் கற்கத் தொடங்காத பிள்ளைகளுக்கு முதலில் ஊர்ப் பாரதம். சபா அடுத்த வருஷமும் அதே தேதியில் இருக்கும். பாரதம் அப்படி இல்லை. ஒரு ஊர் ஒரு வருஷம் விட்டால் மறுபடி எப்போது வைக்கும் என்று சொல்ல முடியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியைக் காட்டிச் சீக்கிரமே முடித்துவிடும் இடங்களும் இருக்கின்றன. பத்து ராத்திரியும் முடியாதென்றால் துகில் ஒரு ராத்திரி, படுகளம் ஒரு பகல் போதும்.

பங்குனி பிறந்ததும் டீக்கடைச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். எந்த ராத்திரி எந்தக் கதை, எந்த ஜமா என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். ஒன்பது மணிக்கே போனால் ஒப்பனை நடப்பதையும் பார்க்கலாம். அரிதாரம் பூசும்போது அவர்கள் பேச மாட்டார்கள், தள்ளி நின்று பாருங்கள். விடியற்காலை பனி இருக்கும், ஒரு போர்வை அவசியம்.

இந்த வருஷமும் முடிவெடுக்கும் முன்னால் தங்கச்சி ஆயாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். "இன்னாத்துக்கும்மா மெட்ராஸு? நம்ம ஊர்ல அஞ்சு வருசம் கழிச்சுப் பாரதம் வெச்சிக்கீறாங்க. புள்ளைங்கள இட்டுக்கினு வா" என்றாள் ஆயா. தங்கச்சி சித்திரைக்கு டிக்கெட் போட்டுவிட்டாள்.